நீ சொல்றதுதாம்மா சரி

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். சித்தி விஷயம் ஒருவழியாக முடிந்தது, மற்றதை நேரில் சொல்கிறேன்.

போன தடவை போனில் நீ பாதியிலேயே நிறுத்திவிட்டாய். உயிரோடு இருக்கிற பாடலாசிரியர்களில் யார் பெரியவர் என்று வழக்கம்போலத்தான் ஆரம்பித்தோம். நான் தாமரை என்றேன். அப்பா உள்ளேயிருந்து "வைரமுத்து, ஏழு தேசிய விருது" என்று கத்தினார். நீ அந்த ராப் பாடகர் அறிவு பெயரைச் சொல்லி எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடிப்பாய் என்று காத்திருந்தேன். "நீ சொல்றதுதாம்மா சரி" என்று வைத்துவிட்டாய். ஐந்து வாரம் ஆகிறது. நான் சொல்வது சரி என்று நீ எப்போதடா ஒப்புக்கொண்டிருக்கிறாய்?

ராத்திரி நேரத்தோடு தூங்கு.

நீ விட்டுக்கொடுத்தாலும் நான் விடுவதாக இல்லை. 2001-இல் தாமரையின் 'வசீகரா' வந்தபோது உனக்கு அது வெறும் காதல் பாட்டு. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். சேலை நுனியால் தலை துவட்டுவதைக் கவிதை என்று அதற்கு முன்னால் யார் சொன்னார்கள்? இன்ஜினியர் வேலை பார்த்துவிட்டு எழுத வந்தவர். ஆபாசம் எழுத மாட்டேன், ஆங்கிலம் கலக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் நிற்பது சின்ன விஷயமா? சரி, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியைப் பாட்டுக்குள் கொண்டுவந்த உன் அறிவையும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டாம் இடம். இதற்காவது சண்டைக்கு வா.

மெட்டுப் போட்டவரை விட்டுவிட்டு எழுதியவரை மட்டும் எப்படி வரிசைப்படுத்துவது என்று ஒருமுறை மடக்கினாயே, அதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு வரியும் மெட்டும் ஒரே கை. நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வந்துவிடும், எழுதுகிறவர் அதற்குள் உட்கார வேண்டும். 'இதயம் ஒரு கோவில்' மாதிரி இளையராஜாவே எழுதிக்கொண்டதெல்லாம் எப்போதாவதுதான். அப்போது உட்கார இடம் போட்டவர் பெரியவரா, உட்கார்ந்தவர் பெரியவரா? அப்பாவுக்கு இதெல்லாம் வேண்டாம், அவருக்கு விருதுக் கணக்கு போதும்.

உன்னை ஆபீசில் எவ்வளவு பெரிய பொறுப்பில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பெற்றவளுக்கு ஒரு போன் பண்ண நேரம் கொடுக்காத பொறுப்பு. உடம்பு எப்படி இருக்கிறது? அவள் எப்படி இருக்கிறாள்? போன தடவை அவள் குரலே கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றால் கேட்கவில்லை. சரியாகத் தூங்கு.

2016-இல் பாடலாசிரியர் நா. முத்துக்குமார் போனபோது நீ ராத்திரியில் கூப்பிட்டாய். நாற்பத்தொரு வயது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் தேசிய விருது வாங்கியவர், முதலாவது மகளைப் பற்றிய பாட்டுக்கு. உன்னால் பேச முடியவில்லை. அப்போது நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நல்ல வேளை, நீ அந்தப் பக்கம் போகலை." நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆமாம்மா" என்றாய். ஐந்து வாரம் முன்னால் கேட்டதும் அதே குரல்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் உன்னிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. இடது பக்கம் தன்னன்ன தானன்ன என்று தத்தகாரம், வலது பக்கம் வரிகள். பழைய பேப்பரோடு அப்பா போட்டுவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாய். அவரும் மறுத்துப் பேசவில்லை. போட்டது நான். போடுவதற்கு முன்னால் திறந்து பார்த்தேன். "கதவுக்குப் பின்னால் மழை வந்து நிற்கிறது" என்று எழுதி, 'நிற்கிறது' என்பதை அடித்துவிட்டு மேலே 'நிக்குது' என்று போட்டிருந்தாய். நான் சிவப்புப் பேனாவை எடுத்து அதை மறுபடி 'நிற்கிறது' ஆக்கினேன். வீட்டிலும் டீச்சர். அடுத்த வருஷம் பொதுத் தேர்வு இருக்கிற நேரத்தில் பிள்ளை பிழையாக வேறு எழுதுகிறானே என்று கோபம்.

முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் செய்யுளை அசை பிரித்து நேர் நிரை எழுதிப் போட்டவள் நான். நீ அந்த வார்த்தையை ஏன் சுருக்கினாய் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை. போன வாரம் பாத்திரம் துலக்கும்போது திடீரென்று புரிந்தது. உன் மெட்டில் அங்கே ஓர் அசைக்கு இடமில்லை. இரண்டசைக் கூவிளம் நிற்கிற இடத்தில் நான் மூன்றசைக் கூவிளங்காயைத் திணித்திருக்கிறேன். ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பாவிடம் நேற்றுதான் சொன்னேன். "தெரியும்" என்றார்.

தூக்கம் வரவில்லை என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடு, எனக்கும் வருவதில்லை. அந்த வரி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மெட்டுத்தான் தெரியாது, நான் கேட்டதே இல்லையே. போனில் ஒரு தடவை பாடிக் காட்டு.

அம்மா

பி.கு: ஏழு விருது என்பதை மறுபடியும் எழுதச் சொல்கிறார் அப்பா. எழுதிவிட்டேன்.