கரையோர ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் குரூப் அட்மின் தம்பிகளுக்கும் ஒரு திறந்த மடல்

தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், ராசாப்பேட்டை, தாழங்குடா, நல்லவாடு, வீராம்பட்டினம், பனித்திட்டு என்று கடலூர், புதுச்சேரி கரையில் இருக்கும் எல்லா ஊர்ப் பஞ்சாயத்தார் பெரியவர்களுக்கும், அந்தந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்பை நடத்தும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் பிறந்தது ஒரு ஊர், வாழ்க்கைப்பட்டது இன்னொரு ஊர். நடுவில் மாநில எல்லை. இரண்டு ஊர் குரூப்பிலும் என் நம்பர் இருக்கிறது. மீன் ஏலத்தில் கணக்கு எழுதும் வேலை என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களையும் அன்றாடம் பார்க்கிறேன். எந்த ஊர்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போய்விடும்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஊருக்கு இரண்டு மூன்று பேரைப் பொறுக்கி, எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு சின்ன குரூப் தொடங்க நீங்கள் அனுமதி கொடுக்க வேண்டும். "இந்தச் செய்தி உண்மையா?" என்று கேட்டால் விசாரித்துப் பதில் சொல்வது மட்டும்தான் அதில் வேலை. வேறு எதுவும் அங்கே போடக் கூடாது.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம், என் பிறந்த ஊர் குரூப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. "நம்ம பசங்க வலைய அறுத்துட்டானுங்க, எல்லாரும் துறைக்கு வாங்க." அவ்வளவுதான். யார் படகு, எந்த இடம், எத்தனை மணிக்கு, ஒன்றும் இல்லை. பின்னாலேயே ஒரு வீடியோ. இரண்டு படகு உரசிக்கொண்டு நிற்கிறது, ஆட்கள் கத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வீடியோ என் புகுந்த ஊர் குரூப்பிலும் வந்துவிட்டது. அங்கே தலைகீழ்: அடித்தது அவர்கள், அடிபட்டது நாங்கள். இரண்டு ஊரிலும் பையன்கள் கரைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். படகின் பக்கவாட்டில் பதிவு எண் பாதி தெரிந்தது. நம் கடலூர்ப் படகு என்றால் ஐஎன்டிக்குப் பிறகு டிஎன் இருக்கும், புதுச்சேரிப் படகு என்றால் பிஒய். அதில் இருந்தது கேஎல். கேரளத்துப் படகு! அப்புறம் ஏலக்கூடத்தில் இருந்த ஒரு அத்தைக்குப் போன் போட்டேன். வலை அறுந்தது உண்மைதான், ஆனால் கடலடிப் பாறைப் பாரில் மாட்டிக் கிழிந்தது என்று படகுக்காரரே கரைக்கு வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றார். இரண்டு குரூப்பிலும் போட்டேன். என் பேச்சை யார் கேட்பார்கள் என்றிருந்தது. நல்லவேளை, இரண்டு பக்கமும் ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கூட்டம் கலைந்தது. அந்தப் பெரியவர்கள் அன்றைக்குத் தூங்கிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நடக்கக் கூடியதை நாம் ஏற்கெனவே பார்த்தவர்கள். 2018 மே மாதம் தேவனாம்பட்டினத்துக்கும் சோனாங்குப்பத்துக்கும் மூண்ட மோதலில் ஓர் உயிர் போனது. 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டு, போலீஸ் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டி வந்தது. இரண்டுக்கும் அடியில் இருந்தது, மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலைப் பிரச்சினை.

வலை விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்று இந்த மடலில் நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவில், சுருக்குமடி போடுவதென்றால் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணியிலிருந்து சாயங்காலம் 6 மணிக்குள், படகில் கண்காணிப்புக் கருவியோடு என்று நிபந்தனைகள் இருந்தன. அதற்குப் பிறகு பாதிச் சண்டை "எங்கே போட்டான், எப்போ போட்டான்" என்பதாகிவிட்டது. அது விசாரித்தால் தெரியக்கூடிய சங்கதி. ஜிபிஎஸ்ஸில் இருக்கும், கூடப் போன படகுக்குத் தெரியும். தெரிந்துகொள்வதற்குள் கல் பறந்துவிடுகிறது என்பதுதான் நம் கஷ்டம்.

காரணம் நமக்கே தெரியும். கரையை விட்டு ஓரளவு தூரம் போனதும் டவர் கிடைக்காது. அதற்கப்புறம் வயர்லெஸ் செட்தான், அதுவும் எல்லாப் படகிலும் இல்லை. கடலில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் கடலில் இருக்கிறான், அவனுக்குப் பேச வழியில்லை. கரையில் இருப்பவனுக்கு நெட் இருக்கிறது, விஷயம் தெரியாது. இந்த இடைவெளியில்தான் வதந்தி புகுந்துகொள்கிறது. போதாக்குறைக்கு அங்கே ஒரு அரசு, இங்கே ஒரு அரசு. போலீஸ் வேறு, மீன்துறை வேறு. இந்தப் பக்கத்து அதிகாரி அந்தப் பக்கத்து அதிகாரியைப் பிடித்துப் பேசி முடிப்பதற்குள் ஃபார்வர்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பியும் வந்துவிடும்.

இந்த யோசனை என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் என்று ஒரு நகரம். கத்தோலிக்கர் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே உயரமான சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில், சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்த சமூகப் பணியாளர்கள் கையில் ஆளுக்கொரு மொபைல் போன் வந்தது. ராத்திரி ஒரு பக்கம் கூட்டம் கூடினால், மறுபக்கத்து ஆளுக்குப் போன் போட்டு, "உங்க பக்கம் என்ன சத்தம்? எங்க பையன்களை நான் பார்த்துக்கிறேன், உங்க பையன்களை நீங்க பாருங்க" என்று பேசிக்கொண்டார்கள். அரசியலில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாமலேயே போனை எடுத்தார்கள்.

கென்யாவில் தானா ஆற்றுக் கழிமுகத்தில் 2012, 2013இல் ஓர்மா மேய்ப்பர்களும் போக்கோமோ விவசாயிகளும் மோதிக்கொண்டதில் நூற்றுக்கும் மேல் செத்துப்போனார்கள். வதந்தி அதில் எண்ணெய் ஊற்றியது. அதன் பிறகு அங்கே ஒரு ஏற்பாடு செய்தார்கள். காதில் விழுந்ததை ஒரு நம்பருக்கு மெசேஜ் அனுப்பலாம். ஊருக்கு ஊர் இருக்கும் தொண்டர்கள் விசாரித்துச் சொல்வார்கள். உண்மை எதுவோ அது திரும்ப எல்லோருக்கும் மெசேஜாகப் போகும். சாதாரண பட்டன் போனிலேயே நடந்தது இது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாட்டில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு நேரிலேயே தெரியும். சிங்கப்பூரில் வேலை பார்த்த நம் ஊர்ப் பையன் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டான். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வைத்த தகவல் மையத்து ஒலிபெருக்கியில் ஊரை எழுப்பிவிட்டார்கள். 3,000 பேருக்கு மேல் தப்பினார்கள். வீராம்பட்டினத்திலும் அப்படி ஒரு மையம் இருந்தது. அலை எவ்வளவு உயரம் வரும் என்று இணையத்தில் எடுத்து, கடலுக்குப் போவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அந்த இரண்டு ஊரும்தான் 2021இல் மோதிக்கொண்டன என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். சரியான செய்தி சரியான நேரத்தில் வந்தால் உயிர் நிற்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அட்மின் தம்பிகளே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2018 மே மாதம் நம் தமிழ்நாட்டிலேயே குழந்தை கடத்தல்காரர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். கோயிலுக்கு வந்தவர் அவர். அதற்கப்புறம்தான் இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி அந்தக் கம்பெனி கட்டுப்படுத்தியது. இப்போது அட்மினுக்கு மற்றவர் போட்டதை அழிக்கவும் முடியும், பதட்டமான நேரத்தில் அட்மின் மட்டும் பேசும்படி மாற்றவும் முடியும். செய்யுங்கள். ஆனால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். "விசாரிக்கிறோம், பதில் வரும் வரை யாரும் துறைக்குப் போக வேண்டாம்" என்று உங்கள் குரலிலேயே ஒரு வாய்ஸ் போடுங்கள். எழுத்தைவிடத் தெரிந்த குரலுக்கு மரியாதை அதிகம். ஊரைச் சீண்டும் ஸ்டேட்டஸ் வைக்கிற பையன் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். போலீஸ் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்கள் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பொது குரூப்பில் யார் இருக்க வேண்டும் என்பதில்தான் பெரியவர்கள் யோசிக்க வேண்டும். ஊருக்கு ஒரு படகுக்காரர், வயர்லெஸ் செட் பக்கத்தில் இருப்பவராக இருந்தால் நல்லது. இன்னொருவர் கட்டாயம் மீன் விற்கும் பெண்ணாக இருக்கட்டும். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. பஞ்சாயத்தில் பெண்களை உட்கார வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் பகையிருக்கும் ஊர்ப் பெண்களும் கடலூர் முதுநகரிலும், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் விற்கிறார்கள். ஒருத்திக்குச் சில்லறை இல்லையென்றால் மற்றவள் கொடுக்கிறாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள் நம்முடையவை. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்க அவளுக்கு ஒரு போன் போதும், எடுக்கிறவள் நாத்தனாராகவோ அத்தையாகவோ இருப்பாள். ஆண்கள் பேச்சு அறுந்துபோன நாளிலும் இந்தப் பேச்சு அறுவதில்லை.

இதனால் வலைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அது நீங்களும் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டியது. செய்தி உண்மையாகவே இருந்தால், உண்மையாகவே யாராவது யார் வலையையாவது அறுத்திருந்தால், அதையும் ஒளிக்காமல் அதே குரூப்பில் சொல்ல வேண்டும். நம் ஊர்த் தப்பு என்றால் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். இது கஷ்டமான இடம், தெரியும். இந்த ஒரு விஷயத்தில் பஞ்சாயத்தார் பின்னால் நிற்காவிட்டால், உண்மை சொன்ன பெண்ணையும் பையனையும் சொந்த ஊரே ஒதுக்கிவிடும். "இவர்கள் விசாரித்துச் சொல்வதற்கு யாரும் இவர்களைக் கேள்வி கேட்கக் கூடாது" என்று நீங்கள் ஊர்க்கூட்டத்தில் சொல்லி, மைக்கில் போட வேண்டும். உங்கள் அனுமதியைக் கேட்பது முக்கியமாக இதற்காகத்தான்.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் பெரிய படகுகள் கரையில் கிடக்கின்றன. எல்லோரும் ஊரில் இருக்கிற காலம், சண்டைக்குச் சூடும் இல்லை. படகு இறங்குவதற்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டுப் பெயர்களைக் கொடுங்கள். நம்பர்களைச் சேர்க்க, ஒரு தடவை ஒத்திகை பார்க்க, எப்படிக் கேட்பது எப்படிப் பதில் சொல்வது என்று உட்கார்ந்து பேச ஒரு வாரம் போதும். என் இரண்டு ஊரிலும் பெண்களிடம் கேட்டுவிட்டேன். ஊருக்கு இரண்டு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டு ஆண்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
இரண்டு ஊருக்கும் மகளான ஒருத்தி