ஓட்டுநர் இல்லாத டாக்ஸிக்கு எத்தனை ஆள்?

அன்புள்ள சேகர்,

அமெரிக்காவில் வேமோ நிறுவனம் விடுகிற மாதிரி தானோட்டி டாக்ஸி வந்துவிட்டால் ஓட்டுநர் சம்பளம் மிச்சம், அப்புறம் என்ன செலவு என்று எழுதியிருந்தாய். பஸ் டிப்போவிலேயே கிடந்த நீ இப்படிக் கேட்கலாமா? ஓட்டுநர் ஸ்டியரிங் மட்டுமா பிடித்தார்? கதவைச் சாத்தினார், சீட்டில் கொட்டியதைத் துடைத்தார், பெட்ரோல் பங்கில் எண்ணெய் போட்டார். அந்த வேலையெல்லாம் இப்போது டிப்போ தலையில்.

சான் பிரான்சிஸ்கோவில் வேமோவுக்குப் பெரும்பாலும் ஓடுவது ஜாகுவார் ஐ-பேஸ் என்ற மின்சாரக் கார். 29 கேமரா, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் 5, ரேடார் 6. பேட்டரி 90 கிலோவாட் மணி. 100 கிலோவாட் சார்ஜரில் 80 சதவீதம் ஏற 40 நிமிஷம் ஆகும். அதற்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும் என்பதால் அங்கேயே கழற்றிவிடுவது லாபம். பிளக்கைச் செருகக் கழற்ற ஆள் வேண்டும். வண்டி மாற்றும் நேரத்தையும் சேர்த்து, வண்டிக்கு ஒரு மணி என்று வை. இரவு 12-லிருந்து காலை 6-க்குள் 100 வண்டி ஏற வேண்டுமென்றால் 17 சார்ஜர். எல்லாம் ஒன்றாக இழுத்தால் 1.7 மெகாவாட். சார்ஜர் காசு கொடுத்தால் கிடைக்கும். அந்த லோடுக்கு மின் இணைப்பு வாங்குவதுதான் இழுபறி.

டிப்போவை ஊருக்கு வெளியே போட்டால் இடம் மலிவு, ஆனால் பயணி இல்லாமல் வெறுமனே ஓடும் தூரத்தை நீங்கள் டெட் மைலேஜ் என்பீர்களே, அது ஏறும். இதில் பயணியை ஏற்றப் போகும் காலி ஓட்டமும் சேர்த்தி. காலையில் எல்லோரும் ஒரே திசையில் போக, வண்டி வெறுமனே திரும்பும். ஒரு வண்டி நாளெல்லாம் பத்துப் பேருக்கு உதவும் என்பது சரி. அந்தப் பத்துப் பேருக்கும் எட்டரை மணிக்கே வண்டி வேண்டும் என்றால்? நெரிசல் வேளைதான் மொத்த எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. பகிர்வு என்கிறார்களே தவிர, ஒரு புக்கிங்குக்கு ஒரு வண்டி. ஷேர் ஆட்டோ மாதிரி சீட்டுப் பகிர்வு இல்லை. ஆகவே சாலையில் நெரிசல் குறையும் என்று நம்பாதே.

சிக்கல் வருவது அற்ப விஷயத்தில். இறங்கியவர் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் வண்டி நகராது. வழியில் போகிறவர் யாராவது சாத்தினால் உண்டு, இல்லையேல் ஆள் அனுப்ப வேண்டும்.

பெரிய சிக்கல் 2025 டிசம்பர் 20-ஆம் தேதி வந்தது. துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருண்டது, சிக்னல்கள் அணைந்தன. அணைந்த சிக்னலை, நாலு பக்கமும் நின்று போகும் சந்திப்பாக எடுத்துக்கொள்ள வண்டிக்குத் தெரியும். ஆனாலும் சில இடங்களில், 'போகலாமா?' என்று தொலைவில் இருக்கும் உதவியாளரைக் கேட்கும். அவர் ஜாய்ஸ்டிக்கால் ஓட்டுவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்கிறார், ஓட்டுவது வண்டிதான். சாதாரண நாளில் ஒருவர் பல வண்டிகளைக் கவனிக்க முடிவது இதனால்தான். அன்று ஏகப்பட்ட வண்டிகள் ஒரே நேரத்தில் கேட்டன. பதில் தாமதமாக, வண்டிகள் சந்திப்பிலேயே நின்று போக்குவரத்தை மறித்தன. சேவையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மனித ஓட்டுநர்கள் ஆயிரம் பேருக்கு ஆயிரம் மூளை. இங்கே சந்தேகம் வந்தால் எல்லாருக்கும் சேர்ந்தே வருகிறது. உதவியாளர் எண்ணிக்கையைச் சராசரி நாளுக்குக் கணக்குப் போட்டால் இப்படித்தான் மாட்டும்.

ஆஸ்டினிலும் அட்லாண்டாவிலும் வண்டியைக் கழுவுவது, பழுதுபார்ப்பது முதலிய வேலைகளை ஊபர் பக்கம் தள்ளியிருக்கிறது வேமோ. அடுத்த தலைமுறைக் கருவியில் கேமராவை 13 ஆகவும் லைடாரை 4 ஆகவும் குறைத்திருக்கிறார்கள். துடைக்க வேண்டிய கண்ணாடியும் அந்த அளவுக்குக் குறையும்.

உங்கள் பக்கம் எலெக்ட்ரிக் பஸ்ஸுக்கு எத்தனைக்கு ஒரு சார்ஜர் வைக்கிறார்கள்? பகலில் இடைச் சார்ஜ் உண்டா, இரவு மட்டுமா? விசாரித்து எழுது.

அன்புடன்,
முரளி