கொடியேற்றத்துக்கு முன் கூரைக்கு ஒரு தீர்மானம்: பங்குப்பேரவைக்கும் நிதிக்குழுவுக்கும் திறந்த மடல்

சேர்வராயன் மலையில் உள்ள நம் பங்கின் பேரவை உறுப்பினர்களுக்கும், நிதிக்குழுவினருக்கும், மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் வணக்கம்.

மே மாதத் திருவிழாவின் வரவு செலவைப் பேச அடுத்த கூட்டம் கூடவிருக்கிறது. தேர் அலங்காரம், சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, சேலத்திலிருந்து வரவேண்டிய பேண்டு வாத்தியம், அசன விருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தொகை ஒதுக்குவீர்கள். அந்தப் பட்டியலைத் தொடும் முன்பாக, கோவில் பராமரிப்புக்கென்று வங்கியில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஆண்டு முழுவதும் பங்குக்கு வரும் காணிக்கையில் 10-இல் ஒரு பங்கை அதில் போட்டுவருவதெனத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நம் மலையின் வரவும் மழையும் எப்படி வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர் தொடங்கி, மிளகு காய்ந்து மூட்டையாகும் மார்ச் வரையில்தான் எஸ்டேட் கூலியை நம்பியிருக்கும் குடும்பங்களின் கையில் கொஞ்சம் பணம் புழங்குகிறது. உண்டியலும் அப்போதுதான் கனக்கிறது. கூரையில் ஆள் ஏற்றி வேலை பார்க்கத் தோதான காலமும் அதுவேதான். இடையில் காப்பியைப் பூக்கவைக்கும் பூமழை ஒன்றிரண்டு பெய்தாலும் ஓடு காய்ந்தே இருக்கும். ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவமழை. அந்த நல்ல மாதங்களில் சேர்ந்த பணம் முழுவதும் மே மாதத்தோடு செலவாகிவிடுவதால், ஒழுகத் தொடங்கும் நேரத்தில் நம்மிடம் பணமும் இருப்பதில்லை, வேலை செய்யப் பருவமும் இருப்பதில்லை. பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டுக் கல்லை வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

பீடத்துக்கு வலப்புறம், இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் இடத்தில் இருக்கும் தகரக் கால்வாயை உறுப்பினர்கள் ஒருமுறை ஏணி வைத்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். சவுக்கு மரத்தின் ஊசியிலையும் சில்வர் ஓக் சருகும் அதில் மக்கிக் கறுப்புச் சேறாகி, அதில் பாசி பிடித்து, பாசியில் சிறு செடிகூட முளைத்திருக்கிறது. தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் ஏறி, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகளை நனைக்கிறது. நனைந்த கட்டையைக் கரையான் விடுவதில்லை. குரங்குகள் நகர்த்திவிடும் முகட்டு ஓடுகளைத் திருப்பி வைப்பது ஓர் ஆளின் அரைநாள் வேலை. அந்த அரைநாள் கூலியை மிச்சம் பிடித்ததற்காக, சில ஆண்டுகள் கழித்து ஒரு பக்கக் கூரையையே பிரித்து மாற்ற வேண்டியதாகிவிடும்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கோவிலின் பழைய கல்சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டது. அது ஈரத்தை வாங்கி, வெயில் வந்ததும் வெளியே விடும் தன்மை கொண்டது. அதன்மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்தால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றிச் சாந்தை அரிக்கிறது. மழை முடிந்ததும் பாளம் பாளமாகப் பெயர்வது அதனால்தான். பெயிண்டின் தரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இனி எந்தப் பூச்சு வேலைக்கும் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைக் கேட்காமல் ஒப்புதல் தரக்கூடாது என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள்.

மின்விசிறிக்கும் நாற்காலிக்கும் சுரூபத்துக்கும் உபயம் தர நல்ல மனம் கொண்டவர்கள் நம்மில் பலர் உண்டு. பெயர் எழுத இடமில்லாத கால்வாய்க்கும் கழிப்பறைக்கும் மின்கம்பிக்கும் உபயதாரர் கிடைப்பதில்லை. அது யாருடைய குற்றமும் அல்ல. அதனால்தான் அவற்றைப் பொதுப்பணத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு காரியத்துக்கென்று தரப்பட்ட காணிக்கையை அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (எண் 1267). ஆகவே தேருக்கென்று வாங்கியதைப் பிறகு கூரை ஓட்டுக்குத் திருப்ப முடியாது. பராமரிப்புக்கென்று சொல்லியே வாங்க வேண்டும்.

திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது (எண் 537). பொருள்கள் அழியாமலும் சேதப்படாமலும் பார்த்துக்கொள்வதும், வரவு செலவை ஒழுங்காக எழுதி வைப்பதும் நிர்வகிப்பவர்களின் கடமை என்று எண் 1284 சொல்கிறது. மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்பது எண் 1287-இல் இருக்கிறது. ஆகவே மாதக் கணக்கை முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வாசித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கேட்டால் காட்டுகிறோம் என்பது போதாது, ஏனெனில் நம் மக்கள் கூச்சப்பட்டுக் கேட்கவே மாட்டார்கள். உண்டியலை இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடட்டும். வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு தனிநபர் எண்ணுக்குப் போகாமல் பங்கின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். குருக்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவது முறை என்பதால், பட்டா நகல், மின்கம்பி வரைபடம், எந்த ஆண்டு எந்தப் பக்க ஓடு மாற்றப்பட்டது என்ற குறிப்பு எல்லாம் ஒரே பதிவேட்டில் பங்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

குடும்பங்களிடம் வாங்கும் திருவிழா வரி விஷயத்தில் எனக்கு மன வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அன்றாடம் கூலிக்குப் போகும் வீட்டுக்கும், ரிசார்ட் நடத்தும் வீட்டுக்கும் ஒரே திருவிழா வரி என்பது சமத்துவம் ஆகாது. மகளுக்குத் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கேட்டு வரும் தகப்பனிடம் வரி பாக்கி நோட்டைத் திறந்து காட்டும் பழக்கம் எந்தப் பங்கில் இருந்தாலும் நிற்க வேண்டும். ஏழ்மையின் காரணமாக ஒருவர் திருமணம் போன்ற அருளடையாளத்தை இழக்கக்கூடாது என்று எண் 848 தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பணம் தர முடியாத மலைக்கிராமக் குடும்பங்கள் ஓடு சுமக்கவும் சருகு வாரவும் வருகிறார்கள். அந்த உழைப்பை நாள் கூலி மதிப்பில் அவரவர் பெயரில் காணிக்கையாக வரவு எழுதுங்கள்.

உபதேசியாருக்கும் கோவில்பிள்ளைக்கும் சம்பளம் மாதம் பிறந்ததும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றச் செலவுகள் என்பதையும் எழுத்தில் வையுங்கள். அதிகாலைப் பனியில் மணியடித்துக் கதவு திறப்பவர், சம்பளத்துக்காகத் திருவிழாக் கணக்கு முடியும்வரை காத்திருப்பது நியாயமல்ல.

சேலத்திலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, திருவிழாவுக்கு மட்டும் மலையேறி வரும் நம் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். ஒரு நாள் வாணவேடிக்கைக்கு அவர்கள் அனுப்பும் தொகையின் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று குறிப்பிட்டு அனுப்பச் சொன்னால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். திருவிழாவைச் சுருக்கச் சொல்வது என் நோக்கமல்ல. மாதாவின் தேர் நம் தெருவில் வருவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். தீர்மானத்தைக் கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொண்டு, கொடியேற்றத்துக்கு முன்பே அந்தத் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்து, முகட்டு ஓடுகளைச் சரிசெய்து முடிக்க ஆள் அமர்த்துங்கள். மேற்பார்வைக்கு ஆள் தேவையென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பங்கு மக்களுள் ஒருவன்