இரவு ஷிஃப்ட் தரப்படாதவர்கள் எப்படித் தலைமைக்கு வருவார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிசக்தித் துறையிலும் அணுமின் துறையிலும் உயர் பொறுப்புக்கு வந்த பெண்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை, காவிரிப் படுகையில் ஒரு மின்னுற்பத்தி நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். 'முதல் பெண்', 'சாதனைப் பெண்' என்ற அடைமொழிகளுக்குக் குறைவில்லை. அவர்கள் எந்த வழியாக அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது மட்டும் ஓரிரு வரிகளில் முடிந்துவிட்டது. எழுத வேண்டியது அந்த வழியைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

2014-இல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் தலைவரான நிஷி வாசுதேவா, நவரத்தினத் தகுதி பெற்ற பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண். அவர் அதற்கு முன் வகித்தது விற்பனைப் பிரிவின் இயக்குநர் பதவி. 2022 ஜனவரியில் ஓஎன்ஜிசியின் தலைமைப் பொறுப்பு அல்கா மிட்டலிடம் வந்தது. அவர் மனிதவளப் பிரிவின் இயக்குநர். அமெரிக்காவில் 11 அணு உலைகளை இயக்கும் டியூக் எனர்ஜி நிறுவனத்துக்கு 2013-இல் தலைமையேற்ற லின் குட், கணக்குத் துறையில் வளர்ந்தவர். பிரான்சின் அணுசக்தி நிறுவனமான அரேவாவை 2001 முதல் 2011 வரை நடத்திய ஆன் லோவெர்ஜான், சுரங்கப் பொறியியல் படித்தவர்தான் என்றாலும், அதிபர் மித்தரானின் மாளிகையில் உயர் அதிகாரியாக இருந்துவிட்டு வந்தவர். இவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் இவர்களில் யாரும் உலையின் அல்லது ஆலையின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர்கள் அல்லர். அப்படி வந்தவர் என்று மரியா கோர்ஸ்னிக்கைச் சொல்லலாம். 1986-இல் கான்ஸ்டலேஷன் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து, உலையை இயக்கும் உரிமம் பெற்று, ஒரு நிலையத்தின் பொறுப்பையும் வகித்த பிறகே அவர் 2017-இல் அமெரிக்க அணுமின் தொழிலின் கூட்டமைப்புக்குத் தலைவரானார். நம் நாட்டின் அணுமின் கழகம் 1987-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண் அமர்ந்ததில்லை.

கட்டுப்பாட்டு அறைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். கல்பாக்கத்தில் இருப்பவை போன்ற கனநீர் உலைகளில், ஏதோ ஒரு காரணத்தால் உலை தானாக நின்றுவிட்டால், ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் கோளாறு என்னவென்று கண்டறிந்து, மீண்டும் இயக்குவது பாதுகாப்பானதா என்று முடிவெடுத்தாக வேண்டும். தவறினால், உலை ஓடத் தேவையான நியூட்ரான்களை விழுங்கும் செனான் என்ற வாயு உலைக்குள் சேர்ந்துகொள்ளும். அது சிதைந்து குறையும் வரை ஒரு நாளுக்கும் மேலாக உலையை எழுப்ப முடியாது. அந்த அரை மணி நேரம் பகலில்தான் வரும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அந்த முடிவை எடுத்துப் பழகியவர்தான் ஷிஃப்ட் பொறுப்பாளராகி, பிறகு இயக்கப் பிரிவின் கண்காணிப்பாளராகி, ஒருநாள் நிலைய இயக்குநராகிறார். அனல்மின் நிலையத்திலும், எரிவாயு டர்பைன் ஓடும் எங்கள் பக்கத்து நிலையங்களிலும் ஏணி இதேதான்.

அந்த ஏணியின் முதல் படியை நம் சட்டமே நெடுங்காலம் பூட்டி வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஆலைகளில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் தரைக்கு மேலான பணிகளுக்கு அதே நேரத் தடையை வைத்தது. நரிமணத்திலும் குத்தாலத்திலும் உள்ள எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தவை. (டெல்டாவில் எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்பது வேறு வழக்கு, அதில் நான் விவசாயத்தின் பக்கம் நிற்பவள்.) தொழிற்சாலைகள் சட்டத்தின் இந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சுரங்கங்களுக்கு 2019-இல்தான் மத்திய அரசு விலக்கு அளித்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தத் தீர்ப்புக்கு முன்பு. "பொம்பளப் புள்ளைக்கு ராத்திரி டூட்டி எதுக்கும்மா, ஆபீஸ்ல இருந்து எஸ்டிமேட் பாரு, நிம்மதியா இருக்கும்" என்று மேலதிகாரி உண்மையான கனிவோடுதான் சொன்னார். என்னோடு சேர்ந்த ஆண்கள் மணிக்கு ஒருமுறை டர்பைன் அதிர்வையும் பேரிங் வெப்பநிலையையும் லாக் ஷீட்டில் குறித்துக்கொண்டும், நள்ளிரவில் ட்ரிப் ஆகி நின்றுபோன இயந்திரத்தை விடிவதற்குள் மீண்டும் ஓடவைத்து லோடுக்குக் கொண்டுவந்தும் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், நான் டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வந்த பிறகு சட்டத்தைக் காட்ட முடியவில்லை. அதனால் கட்டுப்பாட்டு அறைக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, இரவில் அழைத்துவர வண்டி இல்லை என்றார்கள். இரண்டும் உண்மை. ஒரு கழிப்பறை கட்ட எத்தனை மூட்டை சிமெண்டு பிடிக்கும் என்று எஸ்டிமேட் போடுபவளான எனக்குத் தெரியாதா? பதவி உயர்வுக் கோப்பு வந்தபோது, 'இயக்கப் பணியில் அனுபவம் இல்லை' என்று அதில் எழுதியிருந்தார்கள். அதுவும் உண்மைதான்.

பெண்கள் இருட்டில் வெளியே வரக் கூடாது என்ற கவலை எங்கள் ஊரில் வயலுக்குப் பொருந்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால், விடிவதற்கு முன்பே நாற்றுப் பறிக்கத் தூக்குச் சட்டியோடு வரப்பில் நடந்து போகிற பெண்களுக்கு வண்டி உண்டா, ஒதுங்க இடம் உண்டா என்று எந்தச் சட்டமும் கேட்டதில்லை.

அணுமின் துறை என்றதும் கதிர்வீச்சைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. ஆண், பெண் இருபாலருக்கும் ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. கருவுற்றிருப்பதைப் பணியாளர் தெரிவித்த நாளிலிருந்து, கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்று தனி வரம்பு உண்டு. அந்த மாதங்களில் மாற்றுப் பணி தருவதற்கான விதி இது. அதை வாழ்நாள் முழுவதற்குமான தடையாக விரித்துக்கொள்வது விதியை எழுதியவர்களின் நோக்கமன்று.

தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் 1988-லேயே பெண்களுக்கென்று பொறியியல் கல்லூரி தொடங்கிய பகுதி இது. அணுமின் நிலையங்களுக்கான நீராவிக் கலன்கள் உருவாகும் திருச்சி பெல் ஆலை பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. 2047-க்குள் அணுமின் திறனை 100 ஜிகாவாட்டாக உயர்த்தப்போவதாக 2025 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதற்கு வேண்டிய பொறியாளர்களில் எங்கள் மாவட்டத்துப் பெண்களும் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் பெயர் ஷிஃப்ட் பட்டியலில் ஏறுகிறதா, அலுவலகப் பட்டியலில் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தங்கள் செய்தியாளர் இத்தகைய பேட்டிக்குச் செல்லும்போது, குடும்பத்தையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, முதல் இரவு ஷிஃப்ட் எந்த ஆண்டில் கிடைத்தது, அதைக் கேட்டு வாங்கினீர்களா, அந்தக் கட்டடத்தில் அப்போது கழிப்பறை இருந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். டெல்டா மாவட்டங்களில் இயங்கும் மின்நிலையங்களில் இன்று இரவுப் பணியில் எத்தனை பெண் பொறியாளர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி வெளியிட்டால், அந்தக் கட்டுரையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்,
மன்னார்குடி.