பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மாநகர, நகர, பிரதேச சபை உறுப்பினர்களுக்கும், கட்டட அனுமதிப் பகுதியில் வேலை செய்யும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டு பரப்புக் காணியும் வீடும் வாங்கப் போய், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, எட்டு மாதமாக நடுவில் நிற்கிறேன். உறுதி சரி, தோம்பு சரி, நில அளவையாளர் வந்து அளந்ததிலும் பிரச்சினை இல்லை. முன்வீட்டுக்கு 1970களில் அனுமதி பெற்ற பிளான் பொலித்தீன் பையில் பத்திரமாக இருக்கிறது. பின்பக்கம் சேர்த்துக் கட்டிய இரண்டு அறைகளுக்கும், குளியலறைக்கும், அதற்கு மேல் போட்ட பிளாட்டுக்கும்தான் (கொங்கிரீட் தட்டைக் கூரை) ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. வங்கியில் கேட்டால் பிளான் உள்ள பகுதிக்கு மட்டும்தான் கடன், மிச்சத்தை வீடாகவே எண்ண மாட்டோம் என்கிறார்கள். சபைக்குப் போனால் கட்டினவர் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். கட்டினவர் இறந்து பல வருடம். மகன் கனடாவில், அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அற்றோணித் தத்துவம் பிடித்திருப்பவர் மருமகன், அவருக்கு இந்த வீட்டில் எந்தச் சுவர் எப்போது எழும்பியது என்று எப்படித் தெரியும்?

அந்த அறைகள் எப்போது எழும்பின என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். 90களில் போர் நடந்தபோது இங்கே சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தது, அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை என்ற வீடுகள் எத்தனை. பிறகு 2002இல் தெற்கிலிருந்து வரும் ஏ9 பாதை திறந்தது, லொறியில் சீமெந்தும் கம்பியும் வந்தது, வெளிநாட்டுக் காசும் வந்தது, 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்படும் வரைக்கும் கிடைத்த அந்த நாலு வருடத்தில்தான் பலர் பின்பக்கம் இரண்டு அறை போட்டார்கள். பிளான் கீறி, சபையில் கொடுத்து, வந்து பார்க்கும் வரை காத்திருக்க அன்றைக்கு யாருக்கும் மனம் இல்லை, நாளைக்கு என்ன நடக்கும் என்றே தெரியாத காலம் அது. சட்டம் அப்போதும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே அனுமதியில்லாமல் கட்டவோ மாற்றவோ கூடாது என்கிறது. 1978இன் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் வந்த பிறகு, பிரகடனம் செய்த இடங்களில் அனுமதியில்லாத கட்டடத்தை நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இடிக்கவும் முடியும். அந்தப் பயம்தான் இப்போது வாங்குகிறவன் தலையில் ஏறுகிறது. கட்டினவனுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது, சபைக்கு வீட்டுக்காகக் கட்டும் சோலைவரியின் துண்டைப் பார்க்கும்போதுதான். அந்தப் பின் அறைகளையும் சேர்த்து மதிப்பிட்டு வருடா வருடம் வரி எடுத்திருக்கிறீர்கள். வரி கட்டினால் அனுமதி கிடைத்ததாக ஆகாது என்று கவுண்டரில் ஒரு தம்பி பொறுமையாக விளங்கப்படுத்தினார், அது சரிதான், சட்டப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் உங்கள் ஆள் வளவுக்குள் வந்து, அறையை எண்ணி, பதிந்துகொண்டு போயிருக்கிறார் என்றால், அந்த அறை அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு இவ்வளவு காலம் ஒரு அறிவித்தல்கூட ஒட்டவில்லை. வீடு கைமாறும் நேரத்தில்தான் அந்த அறை குற்றமாகிறது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டேன். இந்த வரி இலக்கத்துக்கு என்ன என்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன். பழைய கோவைகள் இடப்பெயர்வுக் காலத்தில் அழிந்துவிட்டன என்று பதில் வந்தது. நான் அதை நம்புகிறேன், இந்த ஊரில் எது அழியவில்லை. ஆனால் கோவை இல்லை என்றால், இல்லை என்று எழுத்தில் தந்து, அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்றும் அதே தாளில் எழுதித் தர வேண்டாமா?

கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த பிளாட்டின் கீழ்ப்பக்கத்தில் ஒரு மூலையில் சீமெந்து உதிர்ந்து கம்பி ஊதித் தெரிகிறது. உப்பு மணலில் கலந்திருப்பார்கள் என்று மேசன் சொன்னார். அதைவிட எனக்குப் பெரிய பயம் கிணறு. புதுக் குளியலறைக்கு வெட்டிய மலக்குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது, நானே நாடா பிடித்து அளந்தேன், முப்பது அடிகூட இல்லை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்புகளுக்கூடாகத் தண்ணீர் இறங்கிவிடும், மண் வடிகட்டித் தரும் என்று இருக்க முடியாது. பின்மதிலுக்கும் அறைச் சுவருக்கும் இடையில் விட்டது நாலடி. இவையெல்லாம் பார்க்க வேண்டியவைதான். வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். குழியை மாற்று என்றால் மாற்றுகிறேன், பிளாட்டின் அந்த மூலையை இடி என்றால் இடிக்கிறேன், தண்டப்பணம் என்றால் கட்டுகிறேன். எவ்வளவு, எத்தனை நாளில், யாரிடம் என்பதுதான் எங்கேயும் எழுதியில்லை. ஒரு கிழமை ஒருவர் ஒன்று சொல்கிறார், அடுத்த கிழமை லீவில் போய்விடுகிறார், வருகிறவர் வேறொன்று சொல்கிறார். இடையில் ஒரு புரோக்கர், "தாங்கோ, நான் பார்த்து முடிச்சுத் தாறன்" என்று வந்து நிற்கிறார். நான் கொடுக்கவில்லை. கொடுக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6இல் வாக்குப் போடும் வரை எங்களுக்குத் தெரிவுசெய்த உறுப்பினர்களே இருக்கவில்லை. இப்போது இருக்கிறீர்கள். அதனால்தான் உங்களிடம் எழுதுகிறேன். விற்பவரின் சம்மதக் கடிதத்தோடு வாங்குகிறவரே விண்ணப்பிக்க விடுங்கள். இப்போது இருக்கிற மாதிரியே கீறிய பிளானையும், பட்டயப் பொறியியலாளரின் உறுதிநிலை அறிக்கையையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றையும் குழியையும் பார்த்து எழுதுவதையும் வைத்து முடிவெடுங்கள். மறுப்பதென்றால் எந்த விதிக்கு மாறாக இருக்கிறது, எதைத் திருத்தினால் சரிவரும் என்று எழுதி மறுங்கள். இன்னொன்று, இது எனக்குப் பிந்திவிட்டது, அடுத்தவருக்காவது உதவட்டும்: அட்வான்ஸ் கொடுக்க முதல் ஒருவர் வந்து ஒரு சிறு கட்டணம் கட்டி, இந்த வரி இலக்கத்துக்கு அனுமதி உள்ள பகுதி எது, இல்லாதது எது என்று எழுத்தில் கேட்டு வாங்க ஒரு ஏற்பாடு செய்யுங்கள். வீதிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழ் அப்படித்தானே வாங்குகிறோம், இதையும் அதே மேசையில் கொடுக்கலாம்.

என் விற்பனை ஒப்பந்தத்தின் தவணை இன்னும் ஆறு கிழமையில் முடிகிறது. அதற்குள் பதில் வராவிட்டால் அட்வான்ஸ் போகும், அந்தக் காசு என் மனைவியின் சீதனக் காணி விற்றது. உங்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்து பொதுமக்கள் இருக்கையில் இருப்பேன், பிளானும் சோலைவரித் துண்டும் தகவல் அறியும் பதிலும் கையில் இருக்கும், யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வீடு வாங்கக் காத்திருக்கும் ஒரு வரிசெலுத்துநர்,
யாழ்ப்பாணம்