எல்கேஜி பிள்ளைக்குப் பிரெஞ்சு நோட்டு எதற்கு?

புதுச்சேரியின் தனியார் மழலையர், தொடக்கப் பள்ளி நிர்வாகிகளுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நம் ஊர்ச் சாலைகளில் உங்கள் தட்டிகள் எழும்பிவிடுகின்றன. ஏசி வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, அபாகஸ், கராத்தே, கூடவே ‘எல்கேஜி முதல் பிரெஞ்சு’. 1826 முதல் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி நடக்கிற ஊர் இது. பிரெஞ்சு மொழி சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889இலேயே வந்துவிட்டது. பிரான்சில் அத்தையோ சித்தப்பாவோ இல்லாத வீடுகளிலும் பிள்ளை நாலு வார்த்தை பிரெஞ்சு பேசினால் சந்தோஷப்படுகிறார்கள். ஆகவே சின்ன வயதிலேயே தொடங்குவதில் எனக்குக் குறையில்லை. தொடங்கிய பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நடப்பது உங்களுக்கும் தெரியும். வாரத்தில் இரண்டு பீரியட். நாலு கோடு நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்றைப் பிரெஞ்சில் பத்து முறை எழுதச் சொல்வது. ஆண்பால், பெண்பால் என்று இரண்டு கட்டம் போட்ட அட்டவணை. பருவத் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புக. பென்சிலைச் சரியாகப் பிடிக்கவே இன்னும் பழகாத விரல்கள் இதையெல்லாம் செய்ய வேண்டும். பக்கத்து பீரியடில் அதே பிள்ளைக்கு ஆங்கில எழுத்து நடக்கிறது. அங்கே ‘ஜி’ என்று சொல்லிக்கொடுத்த எழுத்து இங்கே ‘ழே’ ஆகிறது. அங்கே ‘ஜே’ ஆக இருந்தது இங்கே ‘ழி’. பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. ஆங்கில ஃபோனிக்ஸ் படித்த கையோடு பிரெஞ்சு எழுத்தைப் பார்க்கிற பிள்ளை ‘த்ருவா’வை (மூன்று) ‘ட்ராய்ஸ்’ என்றும் ‘ப்தி’யை (சின்ன) ‘பெட்டிட்’ என்றும் வாசிக்கும். பிள்ளைமேல் தவறில்லை, கண்ணில் பட்டதை வாசிக்கிறது. காதில் விழும் முன்பே கண்ணில் காட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

பிரான்சில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2019 முதல் அங்கே 3 வயதிலிருந்தே கல்வி கட்டாயம். ஆனால் முறையாக வாசிக்கக் கற்றுத்தருவது 6 வயதில், தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில்தான். அதுவரை மழலையர் பள்ளியில் பாட்டு, விரல் விளையாட்டு, வட்டமாகக் கைகோத்து ஆடுவது, கதை கேட்பது, பேசுவது, தன் பெயரை எழுதிப் பழகுவது. வீட்டிலும் தெருவிலும் பிரெஞ்சிலேயே வளர்கிற பிள்ளைக்கு இல்லாத அவசரம் முத்தியால்பேட்டைப் பிள்ளைக்கு ஏன்?

பாட்டு என்றால் விளையாட்டு, பாடத்துக்கு நடுவே ஓய்வு என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். இந்த வயதில் பாட்டுதான் பாடம். காரணம் நம் பிள்ளைகளின் நாக்கில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் ‘த்ருவா’ என்னும்போது நாக்கு பல்லைத் தொடுகிறது. நம் ‘த’வும் அங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சைக் கொடுக்கும்போதுதான் பிள்ளை நாக்கை மேலே மடித்து ‘ட்ருவா’ என்கிறது. மூக்கொலிகளும் அப்படியே. ஆங்கிலேயர்கள் இவற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நாமோ பேச்சில் ‘பணம்’ என்று சொல்லும்போது கடைசி மகரத்தை உதட்டால் மூடுவதே இல்லை, ‘ஓ’வை மூக்கால் விடுகிறோம். ‘வந்தான்’ என்பதன் கடைசியில் மூக்கால் வரும் ஆகாரம், ‘வந்தேன்’ என்பதன் கடைசியில் மூக்கால் வரும் ஏகாரம். பிரெஞ்சின் மூன்று முக்கிய மூக்குயிர்களுக்கு மிக நெருங்கிய ஒலிகள் இவை. அம்மாவோடு பேசியே பிள்ளை இவற்றைப் பழகி வந்திருக்கிறது. காதால் கேட்டுப் பாடினால் தானாக வெளிவரும். நோட்டில் எழுதிக் காட்டினால் அங்கே ‘ன்’ என்ற எழுத்தைப் பார்த்து அழுத்தி உச்சரித்துக் கெடுத்துவிடும்.

நம்மிடம் இல்லாத ஒலியும் உண்டு. ‘இ’ சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு ‘உ’வுக்குக் குவிப்பதுபோல உதட்டைக் குவிக்க வேண்டும். நிலாவுக்கான பிரெஞ்சுச் சொல்லில் இது வருகிறது. நிலா வெளிச்சத்தில் நண்பன் பியெரோவிடம் எழுதுகோல் கேட்கும் அந்தப் பழைய பாட்டில், நிலாவும் எழுதுகோலும் ஒரே மெட்டின் ஒரே நீண்ட சுரத்தில் விழுகின்றன. இரண்டிலும் அந்த ஒலிதான். ஆசிரியை அந்த இடத்தில் இழுத்துப் பாடினால் பிள்ளைகள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு தாங்களும் குவிக்கிறார்கள். (எதோ குழந்தைப் பாட்டு என்று தள்ள வேண்டாம். எடிசன் குரலைப் பதிவுசெய்வதற்கு 17 ஆண்டு முன்னால், 1860 ஏப்ரல் 9 அன்று மர்த்தென்வில் என்ற பாரிஸ்காரர் புகைக்கரி பூசிய தாளில் மனிதக் குரலைக் கோடாகப் பதித்தார். 2008இல் அந்தக் கோட்டை ஒலியாக மாற்றியபோது கேட்டது இந்தப் பாட்டின் ஒரு துண்டுதான்.)

இலக்கணத்துக்கு வருகிறேன். பிரெஞ்சில் மூக்கு ஆண்பால், கை பெண்பால். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. அட்டவணை போட்டு உருப்போட வைத்தால் பிள்ளை தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும். கோஸ் நடும் பாட்டு ஒன்று உண்டு. முதலில் விரலால் நடுகிறோம், அப்புறம் காலால், முழங்காலால், முழங்கையால், கடைசியில் மூக்கால். இவை எல்லாம் ஆண்பால், ஒவ்வொரு உறுப்பும் ஆண்பாலுக்கு முன்னால் வரும் ‘ல’வை ஒட்டிக்கொண்டே வருகிறது (பெண்பாலுக்கு ‘லா’). மூக்கைத் தரையில் வைத்துக் கோஸ் நடுகிற பிள்ளை ‘ல நே’ என்பதை ஒரே சொல்லாக எடுத்துக்கொள்கிறது. பின்னால் எட்டாம் வகுப்பில் யாராவது ‘லா நே’ என்றால் அதன் காது கூசும். நான் வேண்டுவது அந்தக் கூச்சம்தான்.

மெட்டுக்காக நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். உங்கள் எல்கேஜியில் தினமும் பாடுகிற ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டு பிரெஞ்சு மெட்டு. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் புழங்கியது. மோட்சார்ட் அதை வைத்துப் பியானோவுக்கு விரிவுகள் எழுதினார். ஆங்கில வரிகள் 1806இல்தான் வந்தன. தூங்குகிற துறவியை மணியடிக்க எழுப்பும் பாட்டை எடுத்தால் ஸரிகஸ, ஸரிகஸ, கமப, கமப என்று சங்கராபரணத்து சுரங்களில் தொடங்குகிறது. உங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். ‘காட் சேவ் த கிங்’ மெட்டுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத வரிகள் எழுதிய மண்ணில் மெட்டை வாங்கிக்கொள்வது புதிதில்லை. பிரெஞ்சு டீச்சரையும் பாட்டு டீச்சரையும் ஒரு மேசையில் உட்காரவைப்பது ஒன்றே நீங்கள் செய்ய வேண்டியது. இன்று பல பள்ளிகளில் இருவரும் ஒருவரையொருவர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே பார்க்கிறார்கள்.

பாடிவிட்டால் மொழி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டு விழாவில் தலையில் பெரே தொப்பியோடு அழகாகப் பாடிவிட்டு இறங்குகிற பிள்ளையிடம், துறவியிடம் கேட்ட கேள்வி என்ன என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். அது கேள்வி என்றே யாரும் சொல்லவில்லை. பாட்டில் வரும் ‘தூங்குகிறீர்களா’வை வெளியே எடுத்து, ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள இன்னொரு பிள்ளை ‘தூங்குறியா?’ என்று பிரெஞ்சில் கேட்க, ‘இல்லை’ என்று அது குதித்தெழ வேண்டும். அப்போதுதான் மரியாதைக்கு ஒரு வடிவம், தோழனுக்கு ஒரு வடிவம் என்பதும் தெரியும். நீங்க, நீ என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு வித்தையே இல்லை. இன்னொன்று: பேச்சில் விழுங்கப்படும் கடைசி ‘அ’ போன்ற ஒலியைப் பாட்டில் நீட்டிப் பாடுவார்கள். அதனால் பாடிய சொல்லைப் பேசியும் காட்ட வேண்டும். எல்லாப் பாட்டும் எடுப்பதற்கில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வானம்பாடியின் இறகைத் தலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பிய்க்கும் பாட்டு உலகப் பிரசித்தம். கடலில் சோறு தீர்ந்துபோனதும் யாரைத் தின்பது என்று சீட்டுப் போடும் கப்பல் பாட்டும் ‘குழந்தைப் பாட்டு’தான். தேர்ந்தெடுக்க ஆள் வேண்டும்.

அந்த ஆளின் வேலையை ஸ்மார்ட் போர்டு செய்யாது. காணொளியைப் போட்டுவிட்டால் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்க்கிறார்கள், பாடுவதில்லை. வேகத்தைக் குறைக்கவோ, சுணங்குகிற பிள்ளையின் அருகில் போய்க் குனிந்து பாடவோ திரைக்குத் தெரியாது. குரல் இனிமையாக இல்லையே என்று கூச்சப்படும் ஆசிரியைகளுக்கும் சொல்கிறேன்: நாலு வயதுப் பிள்ளை யாருடைய குரலுக்கும் மார்க் போட்டதில்லை.

உங்கள் தயக்கம் எங்கே என்று எனக்குத் தெரியும். ‘மிஸ், நோட்டுல ஒண்ணுமே எழுதலையே? ஃபீஸ் மட்டும் வாங்குறீங்களே?’ என்று வாசலில் நின்று கேட்கும் பெற்றோர். நியாயமான கேள்விதான், பணம் கட்டியவருக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். பருவத்துக்கு ஒரு நாள் வகுப்புக்குள் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஆசிரியை பிரெஞ்சில் சொல்லச் சொல்லப் பிள்ளை மூக்கைத் தொடுவதையும் கதவைத் திறப்பதையும் சிவப்புப் பந்தை எடுத்துவருவதையும் பார்த்தபிறகு நோட்டைத் தேட மாட்டார்கள்.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஆண்டுப் புத்தகப் பட்டியல் அச்சுக்குப் போகும் முன், எல்கேஜி, யுகேஜி, முதல் வகுப்பு மூன்றிலும் பிரெஞ்சுப் பயிற்சிநூலையும் எழுத்துத் தேர்வையும் எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாற்பது நிமிடத்தைத் தினம் பதினைந்து நிமிடமாகப் பிரித்துப் போடுங்கள். அதற்கு ஆசிரியை தினமும் பள்ளியில் இருக்க வேண்டும். பீரியடுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து, ஒரே நாளில் மூன்று பள்ளிக்கு ஸ்கூட்டியில் ஓடவைத்தால் அது நடக்காது. மாதச் சம்பளம் கொடுங்கள். நான் சொன்ன பாட்டுகளெல்லாம் நூற்றாண்டு தாண்டியவை, யாருக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டியதில்லை. பயிற்சிநூலுக்கு ஆகும் செலவு மிஞ்சும். அதில் ஒரு நல்ல கஞ்சிரா வாங்கித் தந்தாலும் சரி.

இப்படிக்கு,
மழலையருக்குப் பிரெஞ்சு சொல்லித்தரும் ஆசிரியை,
புதுச்சேரி