எப்போது இருமுகிறாய் என்று ஒரு தடவை கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஒரு காலைப்பொழுதில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பது வரிசையில் நின்ற எனக்குத் தெரியும். ஆகவே நீளமாக எழுதவில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. எட்டு மாதம் வறட்டு இருமல். போன இடமெல்லாம் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, "நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வீசிங் இல்லை" என்றார்கள்; அதாவது மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் இல்லையாம். ஐந்து தடவை அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக். இருமல் மருந்து பாட்டில்களை நான் எண்ணவில்லை. வாழைப்பழத்தை நிறுத்தச் சொன்னார்கள், அதையும் நிறுத்தினோம். பகல் பத்து மணிக்கு அவள் நன்றாகத்தான் இருப்பாள். இரவு மூன்று மணிக்குச் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

வகுப்பில் தொந்தரவு என்று ஒருநாள் வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் கவனித்தேன்: இருமல் வந்தால் துணியை வாயில் திணித்துக்கொண்டு மூச்சை அடக்குகிறாள். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்டும். அடங்கியதும் என்னைப் பார்த்து, "சத்தம் வரவில்லையே அம்மா?" என்பாள்.

கடைசியில் ஒரு மருத்துவர்தான் கேட்டார், எப்போது இருமுகிறாய் என்று. இரவில், ஓடினால், சிரித்தால், சாம்பிராணி போட்டால் என்றாள். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொன்னார்: நிமிடத்துக்கு 160 லிட்டர். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை இழுத்துக் கால்மணி நேரம் கழித்து 215. மருந்துக்குப் பிறகு அளவு இப்படி ஏறியதுதான் தடயம். ஆஸ்துமா. வீசிங்கே இல்லாத, இருமல் மட்டுமே உள்ள ஆஸ்துமா.

இது நேற்று கண்டுபிடித்த நோயும் அல்ல. இருமலை மட்டுமே காட்டிய ஆஸ்துமா நோயாளிகளைப் பற்றி 1979இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். நம் சுவரொட்டிகளில்தான் ஆஸ்துமாக்காரர் இன்னும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறார். என் மகள் அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வராதது அவள் குற்றம்தான் போலும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா இருமலும் ஆஸ்துமா என்று சொல்ல வரவில்லை. காசநோய்க்கும் பார்க்கத்தான் வேண்டும். ஒரு மாதம் தாண்டிய இருமலோடு ஒரு குழந்தை வந்தால், அடுத்த ஆன்டிபயாடிக்கை எழுதுமுன் எப்போது இருமுகிறாய் என்று கேளுங்கள். மேசையில் ஓர் ஊதும் கருவி வைத்திருங்கள். தயவுசெய்து அந்தக் கேள்வியைக் குழந்தையிடமே கேளுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் சளி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்